பங்கில்லாத ஆள்

ஜூன் 4, செவ்வாய்

"டீச்சர், எல்லாக் கல்லும் ஒரே மண்ணுலதானே கெடக்கு? அப்ப ஒண்ணுக்கு மட்டும் நீலத்த யாரு குடுத்தா?"

எட்டாம் வகுப்பில் சிவனு என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் வாயைத் திறப்பதற்குள், பின் வாங்கில் உட்கார்ந்திருந்த இராயப்பன் அவன் தலையில் ஓங்கிக் குட்டி, "கடவுள்டா மடையா" என்றான். வகுப்பே சிரித்தது. சிவனுவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கையை இறக்கவில்லை.

நான் சோற்றை உதாரணம் காட்டினேன். வெறும் சோறு வெள்ளை. ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டால் பானை முழுவதும் நிறம் மாறுகிறது. நீலக்கல்லும் அப்படித்தான். அதன் உடம்பு குருந்தம். சுத்தமான குருந்தம் தண்ணீர் போல நிறமற்றது. அதில் கொஞ்சம் இரும்பும் கொஞ்சம் தைத்தேனியம் என்ற உலோகமும் சேர்ந்தால் நீலம். இரும்பு மட்டும் என்றால் மஞ்சள். குரோமியம் என்றால் இளஞ்சிவப்பு. அது கூடிவிட்டால் கல்லின் பெயரே மாறி மாணிக்கம் ஆகிவிடும்.

இதெல்லாம் இன்று நினைவுக்கு வரக் காரணம், அந்த இருவரும் இப்போது என் வீட்டுக்குக் கீழே ஆற்றோரத்தில் நீலக்கல் தேடும் ஒரே குழியில் பங்காளிகள். மூன்றாவது பங்காளி விமலே, பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர். செலவு போடுகிறவர் கந்தப்பெருமாள் முதலாளி, டவுனில் இரும்புக்கடை வைத்திருப்பவர். தண்ணீர் இறைக்கும் மோட்டர் அவருடையது. மாசி மாதத்திலிருந்து தோண்டுகிறார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. மோட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகப்போவதாக முதலாளி சொல்லியிருக்கிறாராம்.

மிளகு காயப் போட்டேன். கறுத்த கோழி அடையில் உட்கார்ந்து ஒரு வாரமாகிறது.

ஜூன் 6, வியாழன்

கல் கிடைத்துவிட்டது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் நால்வரும் சேற்றுக் காலோடு என் முன்னறைக்குள் வந்துவிட்டார்கள். இல்லம் என்று இங்கே சொல்லும் சரளையை வட்டிக்கூடையில் போட்டு அரித்தபோது, சிவனுவின் கூடையில் வந்ததாம். நாவல் பழம் அளவு. வெளிச்சத்தில் பிடித்தால் மாலை ஆகாயம் போல நீலம்.

குழி வேலையில் ஒரு வழக்கம் உண்டு. விற்கும் வரை கல்லைப் பங்காளிகளில் யாரும் வைத்திருக்கக் கூடாது. எல்லோர் முன்னிலையிலும் கடதாசியில் மடித்து, மடிப்பின் மேல் எல்லோரும் பெருவிரல் மை வைத்து, அரக்கு ஊற்றி, பங்கில்லாத ஓர் ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆளாக என்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள்.

"டீச்சருக்குப் புள்ள குட்டியும் இல்ல, கடுதாசி போட ஒரு ஆளும் இல்ல. இத வச்சிக்கிட்டு எங்க ஓடப்போறாங்க?" என்றான் இராயப்பன்.

"நான் ஓடினால் நீ பிடித்துவிடுவாயா? பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் உனக்குக் கடைசி இடம்தானே" என்றேன். விமலே விழுந்து விழுந்து சிரித்தார். சிவனு மட்டும் சிரிக்கவில்லை. அவசரமாகக் கையை எடுத்ததில் அவன் பெருவிரல் மை பரவிவிட்டது.

முதலாளி சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றினார். ஹமீது ஹாஜியார் என்ற கல் வியாபாரி பொசன் போயா என்ற பௌர்ணமி விடுமுறைக்கு மறுநாள் வந்து விலை சொல்வார். அதுவரை மோட்டர் ஓடும்.

பொட்டலத்தை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு அலமாரியில் வைத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

கிளினிக்குக்குப் போய் பிரஷர் மாத்திரை எடுத்து வந்தேன். பஸ்ஸில் எல்லோரும் கல்லைப் பற்றியே பேசினார்கள். அது தேங்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

விலை இன்னதென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த விலைக்காக இரத்தம் சிந்தியாயிற்று.

நீலத்தில் எத்தனையோ நீலம். வானம் போல வெளிறியது மலிவு. மை போல இருண்டதும் மலிவு. இரண்டுக்கும் நடுவே, வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வருகிற நீலத்துக்குத்தான் விலை. அதிலும் அடுப்பில் சுடாதது என்றால் பல மடங்கு. பால் போலக் கலங்கிய கல்லைச் சுட்டால் நீலமாகிவிடும். அழகில் குறைவில்லை, மதிப்பில் குறைவு. தானாகப் பழுத்த மாம்பழத்தையும் புகை போட்ட பழத்தையும் ஒரே விலைக்கு வாங்குவீர்களா?

விமலே தன் பங்கை வேறொருவருக்கு இப்போதே விற்றுவிடலாமா என்று கேட்டாராம். கேட்டது மட்டும்தான். இராயப்பன் மம்பட்டியை வீசினான். விமலே தலையைத் திருப்பியதால் உயிர் தப்பியது. இடது காது தொங்கிப்போயிற்று. சாரத்தைக் கிழித்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு என் படிக்கட்டு வழியாக ஏறிப் போனார்.

"மாத்தயா, ஆஸ்பத்திரிக்கு நானும் வரவா?" என்றேன்.

"வேணாம் டீச்சர். எனக்குப் பங்கு வேணாம். காது போதும்" என்றார்.

படியில் விழுந்த சொட்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். சிமெந்தில் இரத்தம் காய்ந்துவிட்டால் போகாது. ஈரமாக இருக்கும்போதே சாம்பல் போட வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

சிவனு தனியாக வந்தான். பிளேன்டீ கொடுத்தேன், குடிக்கவில்லை.

"டீச்சர், அந்தப் பொட்டலத்த எங்கிட்ட குடுத்துருங்க."

"எல்லோரும் வந்தால்தான் தருவேன். வழக்கம் உனக்குத் தெரியாதா?"

"அப்ப ஆத்துல போட்டுருங்க. தொலஞ்சி போச்சின்னு சொல்லுங்க. எலி இழுத்துட்டுப் போச்சின்னு சொல்லுங்க. என்னாத்தயாவது சொல்லுங்க."

"உன் பங்கும் அதில்தானே இருக்கிறது?"

அவன் தேநீரை என் பக்கம் தள்ளிவைத்தான். பிறகு, "விமலே அண்ணன் காதத் தைச்சிட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

கல் கிடைத்த மனிதன் இப்படி இருக்க மாட்டான்.

ஜூன் 12, புதன்

மழை இல்லாத காலை. பழைய பாடம் ஒன்றை நினைவுபடுத்திப் பார்த்தேன்.

குருந்தம் பூமிக்குள் ஆறுமுகமாக வளர்கிறது. தேன்கூட்டின் ஒரு அறையை நினைத்துக்கொள்ளுங்கள். நிறம் அந்த முகங்களை ஒட்டியே படியும். அதனால் நிறக் கோடுகள் நேராக ஓடி, மூலையில் மடங்கும். மனிதர்கள் உலையில் செய்யும் குருந்தமும் உண்டு. நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்கிறார்கள். பொடியை நெருப்பில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக விழவைத்து வளர்ப்பார்கள். எரிந்த மெழுகுவர்த்தியின் அடியில் மெழுகு வளைவு வளைவாகப் படிந்திருக்குமே, அப்படித்தான் அதன் கோடுகள் வளையும். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. உடம்பும் ஒன்றே. பிறந்த இடம்தான் வேறு.

கண்ணாடிக் கிளாஸ், தண்ணீர், வெள்ளைக் கடதாசி, ஜன்னல் வெளிச்சம். வேறொன்றும் தேவையில்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தேன். பொட்டலம் டின்னில் பத்திரமாக இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

நாள் முழுவதும் மழை. ஆறு நிறம் மாறிவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

கோயிலிலிருந்து திரும்பியபோது என் முற்றத்தில் சத்தம். சிவனு சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே இறங்கப் பார்த்திருக்கிறான். இராயப்பனும் முதலாளியின் ஆட்கள் இருவரும் காலைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

முதலில் காலால் உதைத்தார்கள். பிறகு குழிக்கு முட்டுக் கொடுக்கும் றப்பர் மரக் கம்பால் அடித்தார்கள். நான் நடுவில் போனேன். ஒருவன் என்னைச் சாக்கு மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க ஒதுங்கிக்கோங்க டீச்சர், இது குழி விஷயம்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

இராயப்பன் சிவனுவின் வலது கையை இழுத்து என் அம்மியின் மேல் விரித்து வைத்தான்.

"எந்தக் கைடா ஜன்னலத் தொறந்திச்சி? இதுவா?"

"இராயப்பா, வேண்டாம்" என்றேன். வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன். அந்தக் குரலுக்கு முப்பது வருஷம் எல்லோரும் அடங்கினார்கள்.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே குழவியைத் தூக்கிப் போட்டான். ஈரமில்லாத விறகு முறியும் சத்தம். பிறகு மறுபடியும் போட்டான்.

சிவனுவை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹாஜியார் வரும் வரை அவன் அவர்கள் கண் முன்னால்தான் இருப்பானாம்.

அம்மியைக் கழுவினேன். இனி அதில் அரைக்க மாட்டேன்.

ஜூன் 17, திங்கள்

பொலிசுக்குப் போன் செய்தேன். ஜீப் இல்லை என்றார்கள். குழியின் பெயரைச் சொன்னதும், "அது அவங்க பங்குச் சண்டை டீச்சர், அவங்களே பேசித் தீத்துக்குவாங்க" என்று வைத்துவிட்டார்கள்.

பகல் சோறு கட்டிக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். மோட்டர் சத்தம் கேட்கவில்லை.

ஆற்றோரக் குழியில் மோட்டர் நின்றால் என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நாலு பக்கச் சுவரிலிருந்தும் தண்ணீர் கசிந்து ஏறும். சிவனு அடியில் நின்றான். தண்ணீர் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. முறிந்த கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். அன்று வகுப்பில் தூக்கியிருந்தது போலவே. ஏணி மேலே கிடந்தது. இராயப்பன் குழி வாயில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கு விக்கப் பாத்த? பேரச் சொல்லிட்டு ஏறி வா. ஒங்கம்மா மாதிரி நா காத்துக்கிட்டு இருக்கேன்ல."

சிவனுவின் மனைவி அமராவதி மண்ணில் விழுந்து கிடந்தாள். அவள் உதடு கிழிந்திருந்தது.

நான் நேராக மோட்டரிடம் போய்க் கயிற்றை இழுத்தேன். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. மோட்டர் இருமிவிட்டு நின்றது. இராயப்பன் சிரித்தான். எழுந்து வந்து, என் கையிலிருந்த கயிற்றை மெதுவாக வாங்கி, ஒரே இழுப்பில் ஓடவைத்தான்.

"ஒங்களுக்காக டீச்சர். இன்னிக்கி மட்டுந்தான்."

சோற்றுப் பார்சல் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

குழிக் கொட்டிலில் சிவனுவைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கைக்குக் கட்டுப்போட வேண்டும் என்று நான் வாசலிலேயே நின்றதால் உள்ளே விட்டார்கள். இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தேன்.

"அது உலைக் கல்" என்றேன் மெதுவாக.

அவன் அழத் தொடங்கினான். "நாந்தான் டீச்சர் வட்டியில போட்டேன். டவுன்ல வெள்ளக்காரங்களுக்கு உருட்டி விக்கிறானுங்களே, அந்த சாமான். மோட்டர எடுத்துட்டுப் போயிட்டா குழி மூடிரும். இன்னும் கொஞ்சம் எறங்குனா அசல் இல்லம் இருக்கு டீச்சர், சத்தியமா இருக்கு. மொதலாளி ஒரு வாரம் பொறுத்தாப் போதும்னு நெனச்சேன். கல்ல நாலு பேரு பாத்துட்டு வச்சிருவாங்க, நா எடுத்துருவேன்னு…"

"இவர்களிடம் சொல்லிவிட்டாயா?"

"சொன்னா இன்னிக்கே கொன்னு இந்தக் குழியிலயே மூடிருவாங்க. சொல்லாட்டி ஹாஜியார் வந்து சொல்லுவாரு. அப்பவும் அதேதான். ஏங் கூடையில வந்த கல்லு தானே."

வெளியே இராயப்பன் யாருடனோ வீடு கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். மாடி வீடாம். நீல நிற ஓடாம்.

அன்றைக்கு அவன் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். இன்றைக்கு என் கையில் துணிதான் இருந்தது. கட்டை இறுக்கினேன்.

ஜூன் 19, புதன்

டவுனுக்குப் போய் அரக்கு வாங்கினேன். ஒரு பார்சல் கட்ட வேண்டியிருக்கிறது.

கடைக்காரர் சிவப்புக் குச்சியைத்தான் எடுத்துத் தந்தார். கறுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "பழசு ஒண்ணு கெடக்கு. செவப்புத்தானே டீச்சர் எல்லாரும் வாங்குறது?" என்றார். கறுப்பே போதும் என்றேன்.

கோழித் தீவனமும் ஒரு கிலோ. கறுத்த கோழி குஞ்சு பொரித்துவிட்டது.

ஜூன் 21, வெள்ளி

பொசன். குழியில் வேலை இல்லை. எதிர்க் கரையில் தான்சல் பந்தலில் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு கொடுக்கிறார்கள். காதில் கட்டோடு விமலே கரண்டி பிடித்து நின்றார். எனக்கும் ஒரு தட்டு போட்டார்.

வீட்டைக் கூட்டித் துடைத்தேன். அமராவதியிடம், நாளைக்கு உடுப்பைக் கட்டிக்கொண்டு காலை பஸ்ஸுக்குப் பாலத்தடியில் நில் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து முதலாம் வகுப்புப் பிள்ளையுடையது போல இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை ஹாஜியார் வேனில் வந்தார். எல்லோரும் பாலத்தருகே கூடினார்கள். நான் பொட்டலத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பாலத்தின் நடுவில் போய் நின்றேன். கீழே ஆறு மரங்களை உருட்டிக்கொண்டு போயிற்று. கையைக் கம்பிக்கு வெளியே நீட்டினேன்.

"சிவனுவைக் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றுங்கள். பஸ் வளைவு தாண்டிய பிறகு பொட்டலம்."

"டீச்சர், வெளயாடாதீங்க!" முதலாளியின் குரல் உடைந்துவிட்டது.

"கல் மீன் இல்லை முதலாளி. நீந்திக் கரைக்கு வராது."

என் வாழ்நாளில் அவ்வளவு சொல் கேட்கும் வகுப்பை நான் பார்த்ததில்லை. ஓடினார்கள். கட்டை அவிழ்த்து, தோளில் தாங்கி, அவனைக் கொண்டுவந்தார்கள். இராயப்பனே படியில் தூக்கி ஏற்றினான். அமராவதி என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். பஸ் வளைவைத் தாண்டியது.

நான் திரும்பி வந்து கொடுத்தேன். ஹாஜியார் பிரித்தார், கண்ணாடியை வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"இது நெருப்புல பொறந்த புள்ள, முதலாளி. என்ட பேத்திக்கு மோதிரத்துக்கு வேணுமெண்டா எடுக்கலாம்."

"இல்ல ஹாஜியார்! எங்க கண்ணால பாத்து வச்ச கல்லு! நானே அரக்கு ஊத்தின…" முதலாளி கடதாசியை எடுத்தார். நிறுத்தினார். "நா ஊத்தினது செவப்பு."

எல்லோரும் கறுப்பு அரக்கைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"திறந்தது நான்தான்" என்றேன். அது உண்மை. மாற்றினேனா என்று யாரும் கேட்கவில்லை.

இராயப்பன் மண் குத்தும் இரும்பு அலவாங்கைக் கொண்டு அடித்தான். முதல் அடி முழங்கைக்கு மேலே. "அசல் எங்கடீ?" என்றான். டீச்சர் என்ற சொல் அவன் வாயிலிருந்து போய்விட்டது. விழுந்த பிறகு விலாவில் உதைத்தான். ஹாஜியார்தான் அவன் மேல் விழுந்து மறித்தார். கிழவரின் மூக்கும் உடைந்தது.

அதற்குள் மற்றவர்கள் என் வீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். அலமாரி, மெத்தை, அரிசிப் பானை. கல்லைக் கோழிக்குப் போட்டு மறைப்பார்கள் என்று இந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கோழிகள் எல்லாவற்றையும் அறுத்து இரைப்பையைப் பிளந்து பார்த்திருக்கிறார்கள். குஞ்சுகளையும்.

ஹாஜியார்தான் தன் வேனில் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

"அசல் ஒண்டு இருந்திச்சா டீச்சர்?" என்று வழியில் கேட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர், "விளங்கிச்சி" என்றார்.

ஜூன் 30, ஞாயிறு

இராயப்பன் வந்தான். கையில் தோடம்பழப் பை. கட்டிலில் உட்கார்ந்து, ஒரு பழத்தை உரித்து, சுளையை என் வாயருகே நீட்டினான்.

"கோவத்துல செஞ்சிட்டேன் டீச்சர். எங்க வச்சிருக்கீங்க? பாதி ஒங்களுக்கு."

"நீங்கள் பார்த்த கல் அது ஒன்றுதான் இராயப்பா."

அவன் சிரித்துக்கொண்டே பிளாஸ்டருக்கு மேல் கையை வைத்து அழுத்தினான். நான் கத்தவில்லை. தாதி வந்ததும் எழுந்து, "ஒடம்பப் பாத்துக்கோங்க டீச்சர்" என்றான்.

அவன் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அசல் எங்கோ இருக்கிறது என்று அவன் நம்புகிறான். நம்பிக்கொண்டிருக்கும் வரை சிவனுவைத் தேட மாட்டான்.

ஜூலை 9, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டேன். தோட்டம் முழுவதும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மிளகுக் கொடிகள் வேரோடு கிடக்கின்றன. ஹாஜியார் கொடுத்த முறைப்பாட்டில் முதலாளியின் ஆட்கள் இருவரைப் பிடித்திருக்கிறார்களாம். இராயப்பனைப் பிடிக்கவில்லை. சாயந்தரமானால் மேல் பாதையில் நின்று என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நானும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மோட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குழி நிரம்பி, ஆறும் அதுவும் ஒன்றாகிவிட்டன. அடியில் அசல் இல்லம் இருந்ததா என்று இனி யாருக்கும் தெரியாது.

அமராவதி போன் செய்தாள். பாலத்தில் நடந்ததைச் சொன்னேன். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. சிவனுவின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மீதி மூன்றால் மண்வெட்டி பிடிக்கப் பழகுகிறானாம். பின்னால் அவன் குரல் கேட்டது: "டீச்சர்கிட்ட கேளு, கறுப்பு அரக்கு எங்க வாங்குனாங்கன்னு." அவன் எப்போதும் இப்படித்தான்; விளங்கிய பிறகும் கேள்வி கேட்பான்.

ஹாஜியார் அந்தக் கல்லை எனக்கே அனுப்பிவிட்டார். சந்தையில் அதற்கு ஒரு கிலோ சீனி கொடுப்பார்களா என்பது சந்தேகம். ஒரு மனிதனை பஸ்ஸில் ஏற்றி அனுப்ப மட்டும் அது போதுமாக இருந்தது.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு நீலக்கல் இருக்கலாம், மோதிரத்திலோ தோட்டிலோ. ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் ஊற்றி, அதை ஜன்னலோரம் வெள்ளைக் கடதாசியின் மேல் வைத்து, கல்லை உள்ளே போட்டு, மேலிருந்து குனிந்து, கோடுகள் நேராக ஓடுகின்றனவா வளைகின்றனவா என்று பாருங்கள்.